அக்கா பழுதுபார்த்த வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து இன்றோடு ஓர் ஆண்டு ஆகிறது. அட்டையில் நீங்கள் பார்க்கும் படம், சத்துணவு மையத்தின் அடையாள அட்டைக்காக எடுத்தது. அதைத் தவிர அவர் தனியாக நின்று எடுத்துக்கொண்ட படம் எங்கள் யாரிடமும் இல்லை. வீட்டுக் கல்யாணப் படங்களில் எல்லாம் அவர் ஓரத்தில்தான் இருக்கிறார், பாதித் தோள் வெட்டுப்பட்டு.

எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் கொடுத்தார். "நீதான்பா கூட இருந்தவன். நல்லதா நாலு வார்த்தை எழுது" என்றார். நான் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். முப்பது வருஷமாக முன்னே போங்க, உள்ளே போங்க என்று கத்திப் பழகிய வாய். நல்லதாக நாலு வார்த்தை எனக்கு வராது என்று அண்ணனுக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

வீட்டில் நான் அக்காவை வா, போ என்றுதான் கூப்பிடுவேன். மலர் என்பதால் 'அவர்' போட்டு எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது கொடுக்காத மரியாதையை அச்சில் கொடுப்பதற்கு நம் குடும்பத்தில் யாரும் கஞ்சத்தனம் செய்வதில்லை.

அக்கா பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் வீட்டில். அண்ணனுக்கு அடுத்தவர், எனக்கு ஏழு வருஷம் மூத்தவர். அப்பா பட்டுத்தறி நெய்தவர். அக்கா பத்தாவது வரை படித்தார். இருபத்திரண்டு வயதில் ஆரணியில் கட்டிக்கொடுத்தோம். நாலாவது வருஷம் ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தார். அங்கே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஐந்து பேராவது இன்று இந்தப் பந்தலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

பிறகு அவருக்கு ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அப்பா காலமானார். அண்ணன் அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே குடியிருந்துவிட்டார். தறியைச் சித்தப்பா மகன் எடுத்துக்கொண்டான், இன்றும் அதில் நெய்கிறான். நான் கல்யாணம் ஆகிச் செவிலிமேட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டது அக்கா ஒருவர்தான்.

அம்மா போன மறுமாதம் அண்ணன் ஒரு பத்திரத்தோடு வந்தார். விடுதலைப் பத்திரம். பிறந்த வீட்டுச் சொத்தில் எனக்குப் பாத்தியதை இல்லை, சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று பெண்பிள்ளை எழுதிக் கொடுப்பது. நம்மில் இது வழக்கம். ஒரு தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கு, ஒரு பட்டுச் சேலை. தட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். பங்கு கேட்டால் தாய்வீட்டு உறவு அறுந்துபோகும் என்று பயம் காட்டுவோம். இதைப் படிக்கும் பெண்களில் எத்தனை பேர் அந்தத் தட்டை வாங்கியவர்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். "நீ இருக்கற வரைக்கும் இது உன் வீடுதான்" என்று அண்ணன் சொன்னார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். அப்போது அந்த வீடு அந்த நிலைமையில்தான் இருந்தது. முன்பக்கத்து ஓடு ஒழுகியது. வாசல் கதவின் அடியைக் கரையான் அரித்திருந்தது. கூடத்தில் அப்பா காலை இறக்கி உட்கார்ந்து நெய்த தறிக்குழி பலகை போட்டு மூடிக் கிடந்தது. குளிக்கவும் மற்றதற்கும் கொல்லைக்கோடிக்குப் போக வேண்டும், மழைநாளில் குடை பிடித்துக்கொண்டு. அக்கா அண்ணனிடம் சொல்லிப் பார்த்தார். இடிந்து விழப்போகிற வீட்டுக்கு எவன் செலவு செய்வான் என்று அவர் கேட்டார். என்னிடம் சொன்னார். "பாக்கலாம்கா" என்றேன். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்பவர்களிடம் இறங்கும்போது வாங்கிக்கோங்க என்று சொல்வேன், அந்த மாதிரியான பாக்கலாம்.

அதற்குப் பிறகு அக்கா யாரிடமும் கேட்கவில்லை. தானே செய்யத் தொடங்கினார்.

முதலில் தறிக்குழியைத் தூர்த்தார். செங்கல் உடைசலைக் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, இரண்டே நாளில் முடித்துவிட்டு எனக்கு ஃபோன் செய்து பெருமையாகச் சொன்னார். அந்த வருஷத்து ஐப்பசி மழையில் கூடத்தின் நடுவே தரை சாப்பாட்டுத் தட்டு மாதிரிக் குழிந்து உள்ளே போய்விட்டது. எதிர்வீட்டுத் தறிக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "குழிய தூத்தா ஒரு மழைய பாக்க வுடணும்மா. அதுக்கு அப்பால்தான் தரை போடணும். இத்தினி வருசம் தறி வூட்ல இருந்துக்கினு இது தெரியலியே உனுக்கு" என்று கேட்டிருக்கிறார். அக்கா போட்டதை எல்லாம் உடைத்து எடுத்தார். மணல் கொட்டி, தினமும் தண்ணீர் விட்டு, காலையிலும் மாலையிலும் அதன்மேல் நின்று மிதித்தார். ஒரு வருஷம் முழுதும் அப்படியே விட்டுவைத்தார். அடுத்த மழை போன பிறகுதான் காவித்தரை போட்டார். அது கடைசி வரைக்கும் ஒரு கீறல்கூட விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பழைய மரச்சாமான் கடை பாய் பழக்கமானார். ஓரிக்கை போகும் சாலையில் அவர் கடை. இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், தூண், உத்திரம், கட்டில் எல்லாம் அங்கே வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா அங்கே போய்விடுவார். கடைத் தச்சர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொக்கா இல்லையா என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார். ரம்பம், இழைப்புளி, உளி, சுத்தியல் என்று ஒவ்வொன்றாகப் பழையதே வாங்கிச் சேர்த்தார்.

வாசலுக்கு ஒரு தேக்குக் கதவு கிடைத்தது. நிலையைவிட ஒரு சாண் உயரம் அதிகம். அடியை அறுத்து மாட்டிவிட்டு, அறுத்த துண்டைச் சமையலறையில் அஞ்சறைப்பெட்டி வைக்கிற பலகையாக அடித்துக்கொண்டார். நிலையின் அடியில் கரையான் ஏறாமலிருக்கக் கழிவு ஆயில் பூச வேண்டும் என்றார். ஒர்க்‌ஷாப்பில் சொல்லி ஒரு கேன் வாங்கிக் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு நான் செய்தது அது ஒன்றுதான். அதையும் பத்து இடத்தில் சொல்லிக்கொண்டேன்.

கொல்லைக்கோடியில் இருந்ததை முற்றத்துப் பக்கமாகக் கொண்டுவந்து, உள்ளேயே குளியலறை கட்டினார். சுவர் எழுப்ப மட்டும் கொத்தனார் வந்தார், மீதி எல்லாம் அக்கா. டைல்ஸ் கடைகளில் மிச்சம் விழுகிற ஒற்றைக் கல்லாகப் பொறுக்கிக்கொண்டு வந்து ஒட்டினார். பூப்போட்டது, அலை போட்டது, பச்சை, ஊதா, கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய தங்கக்கரை போட்டது. ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. முடிக்க மூன்று வருஷம் ஆனது. ஓடு மாற்றுவதற்கு வருஷா வருஷம் சித்திரையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே கூரைமேல் ஏறுவார். தெருவில் பேசாத பேச்சு இல்லை. ஊர்வாயை மூட உலைமூடி கிடைக்குமா என்ன?

உள்ளே இருந்த சாமான்களில் ஒன்றுகூடப் புதிதில்லை. கட்டிலுக்கு மூன்று கால் கடைசல், நாலாவது கால் வேறொரு கட்டிலுடையது. ஒரு டாக்டர் மூடிவிட்டுப் போன கிளினிக்கின் பெஞ்சு. பிரம்பு அறுந்த இரண்டு நாற்காலிகள், அவற்றுக்கு அக்காவே ஒயர் பின்னினார். எல்லாவற்றையும்விட, இடித்துப்போட்ட ஒரு டாக்கீஸிலிருந்து மூன்று நாற்காலி சேர்ந்த ஒரு வரிசை. நம்பர் போட்ட பித்தளைத் தகடுகூட அப்படியே இருந்தது. புளி போட்டுத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, கூடத்தில் வைத்தார்.

ஒருமுறை அப்பாவின் திவசத்துக்கு எல்லோரும் வந்திருந்தபோது அண்ணி கடைசி வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்றதற்கு, "எந்தச் செத்தவங்க வூட்டுக் கட்டிலோ, யாரு படுத்து எந்திரிச்சதோ, எனுக்கு வேணாம்மா" என்றார். அக்கா தட்டு கழுவிக்கொண்டே சொன்னார், "சாவாதவங்க வூட்டுக் கட்டில் எங்க விக்கிதுன்னு சொல்லுங்க அண்ணி, நாளைக்கே போய் வாங்கிக்கினு வரேன்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி அன்றைக்குச் சாப்பிடாமலே கிளம்பினார்.

இப்படியே பதினைந்து வருஷம் போயிற்று. அண்ணன் திவசத்துக்கு வந்து அரைநாள் இருப்பார், போவார். அக்கா பணி ஓய்வு பெற்றார். வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தபோதுதான் வினை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வருகிறார்கள், அப்படியே பூர்வீக வீட்டையும் பார்க்க ஆசைப்படுகிறார்கள், கொஞ்சம் பார்க்கிற மாதிரி செய்து வை என்று அண்ணன் அக்காவிடம் சொன்னார்.

அக்காவுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒரு மாதம் தூங்கவில்லை. சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்கு எனாமல் பூசி, தரையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். வந்தவர்கள் அசந்துபோனார்கள். மாப்பிள்ளையின் அப்பா டாக்கீஸ் நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். அவருடைய மனைவி, இந்த மாதிரிச் சாமானெல்லாம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். அண்ணி கொஞ்சம்கூட யோசிக்காமல், "எல்லாம் எங்க மாமனார் காலத்து சாமான்ங்க" என்றார். அக்கா காபித் தட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அண்ணன் அன்றைக்குத்தான் அந்த வீட்டை முதல்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கல்யாணம் முடிந்த இரண்டாவது மாதம் ஒரு தரகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அது ஒழுகிக்கொண்டும் கரையான் அரித்துக்கொண்டும் கிடந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அக்கா தன் கையாலேயே அதை விற்கும் பண்டமாக்கிக் கொடுத்துவிட்டார்.

தரகர் போனபிறகு கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அக்கா அழவில்லை, சத்தம் போடவில்லை. "நான் போற வரிக்கும் இங்கியே இருந்துக்கினு போறேன்பா. அப்பால ரெண்டு பேரும் வித்துக்கோங்க. நான் இன்னா நூறு வருசமா இருக்கப் போறேன்?" என்று கேட்டார். தனக்கென்று அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

வாங்குகிறவர்கள் அதுவரை காத்திருப்பார்களா என்று அண்ணன் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். பத்திரப்படி பாதி வீடு என்னுடையது. நான் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் விற்க முடியாது. எனக்கோ செவிலிமேட்டில் மாடி எழுப்ப ஆசை. பக்கத்து வீட்டுக்காரன் எழுப்பிவிட்டான், நான் எழுப்பவில்லை, அதுதான் அப்போது என் பெரிய கவலை. "மாடியில உனுக்குன்னே ஒரு ரூம் போடறேன்கா" என்றேன். அக்கா எழுந்துபோய் எங்கள் இரண்டு பேருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டை வாங்கியவர் வாலாஜாபாத் பக்கத்துக்காரர். ஓய்வுபெற்ற ஆசிரியர். பத்திரம் பதிவதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு ஃபோன் செய்தார். மகன் வெளிநாட்டிலிருந்து திரும்ப மூன்று வருஷமாவது ஆகும், அதுவரை வீடு பூட்டித்தான் கிடக்கும், உங்கள் அக்கா இவ்வளவு அருமையாக வைத்திருக்கிறார்களே, அவர்கள் அதுவரை அங்கேயே இருக்கட்டுமே, வாடகையெல்லாம் வேண்டாம், வீடும் நன்றாக இருக்கும் என்று சொன்னார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அவர் வாயாலேயே வந்தது. நாங்கள் கேட்கக்கூட இல்லை.

நான் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். ஐந்து நிமிஷம்தான் பேசியிருப்போம். "வித்த வூட்ல உங்கக்கா காவக்காரி மாதிரி குந்திக்கினு இருக்கறதா? தெருவுல நாலு பேரு என்னா சொல்வான்? நமக்கு மானம் இருக்குதா இல்லியா?" என்று அண்ணன் கேட்டார். கேட்டதும் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அண்ணன், தம்பி ரெண்டு பேர் இருந்தும் அக்கா அடுத்தவன் வீட்டில் ஓசியில் இருக்கிறாள் என்று பஸ்ஸில் ஏறி என்னிடமே சொல்வார்களே என்று தோன்றியது. அக்காவைக் கேட்போம் என்று அண்ணனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வாங்கியவரைக் கூப்பிட்டு நான்தான் பதில் சொன்னேன். அக்காவுக்கு அங்கே தனியாக இருக்க இஷ்டமில்லை, எங்களோடு வந்து இருக்கத்தான் ஆசைப்படுகிறார்கள், அவர்களே சொல்லிவிட்டார்கள் என்றேன். பொய். அக்காவிடம் அந்த ஃபோன் வந்ததையே சொல்லவில்லை. வாங்கியவர் அவசரப்படுகிறார் என்று சொன்னேன்.

முன்பணத்தை வைத்து அவசரமாக மாடி எழுப்பினேன். காலி செய்த அன்று பாய் தன் வண்டியோடு வந்தார். மாடி அறைக்கு இந்தச் சாமானெல்லாம் எதற்கு, மூட்டைப்பூச்சி வந்துவிடும், புதுக்கட்டில் வாங்கிவிட்டோம் என்று நான் சொல்லியிருந்தேன். அறையோ பந்து விளையாடலாம் போலக் காலியாக இருந்தது. பாய் பணம் கொடுத்து எடுக்க மறுத்துவிட்டார். "இத நான் விக்கறதுக்கு எடுக்கலக்கா. ஒரு ஓரமா போட்டு வெக்கறேன். எப்ப இடம் கெடைக்குதோ அப்ப வந்து எடுத்துக்க" என்றார். அக்கா தன் சாமான் பெட்டியை மட்டும், உளி, ரம்பம் வைத்த அந்தத் தகரப்பெட்டியை மட்டும், மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்.

எங்கள் வீட்டில் அவருக்குச் சாப்பாட்டுக்கோ துணிமணிக்கோ குறையில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், என் மனைவி கடைசி வரை முகம் கோணவில்லை. வந்த புதிதில் அக்கா சும்மா இருக்கவில்லை. புதிதாக வாங்கிய பிளைவுட் அலமாரி ஆறே மாதத்தில் ஊதிக் கதவு தொங்கியது. கழற்றி, இழைத்து, கீல் மாற்றிப் போட்டார். "இன்னாடா இது, அட்டையில செஞ்சத காசு குடுத்து வாங்கிக்கினு வந்துகிற" என்று சிரித்தார். குழாய் மாற்றினார், கொசுவலை அடித்தார்.

தை மாதத்தோடு நிறுத்திவிட்டார். அவருடைய அறைக் குழாயே சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு, நிறைந்தால் எடுத்து ஊற்றுவார். நான் பார்த்தேன். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பங்குனியில் மூச்சுத்திணறல் வந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து திரும்பினார். திரும்பிய மூன்றாம் நாள் காலை, காபி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டைவிட்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எட்டு மாதம். நாங்கள் காத்திருக்க முடியாமல் போன காலம் அவ்வளவுதான்.

செய்தி கேட்டு வந்தவர்களில் வீட்டை வாங்கிய ஆசிரியரும் ஒருவர். மாலை போட்டுவிட்டு என்னையும் அண்ணனையும் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். "வீடு அப்படியேதான் இருக்குதுங்க, நான் ஒரு ஆணிகூடப் புடுங்கல. அம்மாவ அங்க கொண்டாந்து வெச்சி, அங்கிருந்தே எடுத்துக்கினு போங்களேன்" என்றார்.

அண்ணன் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? விற்ற வீட்டில் போய்ப் பிணத்தை வைப்பதா, வேண்டாங்க, ஊர் சிரிக்கும் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை. அக்காவை என் மாடிப்படியில் சாய்த்துப் பிடித்துத்தான் இறக்கினோம். படி குறுகல், அவசரத்தில் கட்டியது. திருப்பத்தில் அவர் தலை சுவரில் இடிக்காமல் என் கையைக் கொடுத்துக்கொண்டேன்.

ஆசிரியர் கிளம்பும்போது என் தோளைத் தொட்டு இன்னொன்றும் சொன்னார். தை மாதத்தில் ஒருநாள் வீட்டைத் திறந்து பார்க்க அவர் வந்திருந்தாராம். அக்கா டவுன் பஸ் ஏறி வந்து, தெருவில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இவர் உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, "நீங்க இருந்திருக்கலாமேம்மா, நான்தான் சொன்னேனே, நீங்களே வேணாம்னு சொன்னதா தம்பி சொன்னாரே" என்று கேட்டிருக்கிறார்.

"அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க?" என்றேன்.

"அந்தக் காவித்தரைய கையால தடவிப் பாத்தாங்க. அப்புறம், ஆமாங்க, நான்தான் வேணாம்னேன், தம்பி வூட்ல நல்லா இருக்குது அப்படின்னாங்க" என்றார்.

அவர் போனபிறகு அந்த நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன். அன்று மாலை நான் டியூட்டி முடிந்து வந்தபோது அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து, எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்டதற்குக் கோயிலுக்கு என்றார். எனக்குச் சோறு போட்டார். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டார். அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் அந்தத் தகரப்பெட்டியைத் தொடவில்லை. மூன்று மாதம் எல்லாம் தெரிந்துகொண்டே என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். சின்ன வயசில் எத்தனை அறை வாங்கியிருக்கிறேன் அவரிடம், ஒன்று கூடுதலாக வாங்கிக்கொண்டிருப்பேன். அடப்பாவி என்று கேட்டிருந்தால், காலில் விழுந்து, அன்றைக்கே ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டுபோய் விட்டிருப்பேன். விட்டிருப்பேனா என்றும் தெரியவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பாயின் கடையில் இருந்த சாமான்கள் நினைவுக்கு வந்தன, எனக்கல்ல, அண்ணிக்கு. மருமகன் வீட்டில் ஆசைப்படுகிறார்கள் என்று ஆள் அனுப்பி டாக்கீஸ் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார். பாய் தூசி தட்டிக் கொடுத்தார். இன்று அது மருமகன் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. இதைப் படிக்கும் சிலர் அதில் உட்கார்ந்திருப்பீர்கள். உட்காரும்போது அது எங்கள் அப்பா காலத்துச் சாமான் அல்ல, அக்கா புளி போட்டுத் தேய்த்தது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. ஆசிரியரின் மகன் இன்னும் வரவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பாய்க்கும், அவர் கடைத் தச்சருக்கும் நன்றி. தறிக்குழிக்கு மழை காட்டச் சொன்ன எதிர்வீட்டுக்காரருக்கு நன்றி. அக்கா கூரையில் ஏறும்போதெல்லாம் ஏணியைப் பிடித்துக்கொண்ட சத்துணவு மையத்துச் சமையல்கார அம்மாவுக்கு நன்றி. அவர் ஆஸ்பத்திரியிலும் மூன்று நாள் வந்து அக்கா பக்கத்தில் தரையில் படுத்திருந்தார். இரண்டு தடவை வீட்டைத் திறந்துவிட முன்வந்த ஆசிரியருக்கு நன்றி. இந்தப் பட்டியலில் உடன்பிறந்தவர்கள் பெயரைத் தேட வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணனுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். முடித்தபிறகு, "இதெல்லாம் போடணுமாப்பா? குடும்ப மானம் போயிடும்" என்றார். வயதானவர், குரல் உடைந்துதான் இருந்தது. எனக்கும் சங்கடமாக இருந்தது.

போகட்டும் அண்ணா என்றேன். அக்காவை வெளியே அனுப்பிவிட்டு நாம் ரெண்டு பேரும் வைத்துக்கொண்ட மானம்தானே அது.

இப்படிக்கு,
தம்பி